அக்டோபர்ல தனியா மலைக்குப் போறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

நான் ஆர்.கே. புரம் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ்ல வளந்தவ, டெல்லிய விட்டு ஓடணும்னா எனக்குத் தெரிஞ்ச வழி உத்தராகண்ட்ல இருக்கிற குமாவுன் மலைதான். முதல் தடவை போறவங்க கேட்டதுக்கு மட்டும் இங்க பதில்.

அக்கா, இதுவரைக்கும் ட்ரெக் போனதே இல்ல. ஒரு வாரம் லீவ் இருக்கு, டென்ட் இல்லாம தனியா நடக்கிற மாதிரி எங்க போலாம்?

பிண்டாரி கிளேசியர், அதான் பனியாறு, அங்க போ தம்பி. ஆனா ஒரு வாரம் பத்தாது, பத்து நாள் லீவ் கேளு. ராத்திரி ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினா காலைல காத்கோதாம், அங்கேருந்து ஷேர் ஜீப்ல பாகேஷ்வர், மறுநாள் கப்கோட் வழியா கர்கியா வரைக்கும் ஜீப், அதுக்கப்புறம் உன் கால்தான். வழியில தங்குற இடம் காத்தி, துவாலி, ஃபுர்கியா, கடைசில பாதை முடியுற ஜீரோ பாயின்ட், அது சுமார் 3660 மீட்டர் உயரம். அங்கங்க குமாவுன் மண்டல் விகாஸ் நிகம்ங்கிற அரசு நிறுவனத்தோட ரெஸ்ட் ஹவுஸ் இருக்கு, சோறும் கம்பளியும் கிடைக்கும், டென்ட் தூக்கிட்டுப் போய் முதுக ஒடச்சிக்க வேணாம். எதெது திறந்திருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோ.

ஐப்பசின்னா அடைமழையாச்சே, இப்பப் போறியான்னு கும்பகோணத்துலேருந்து அம்மா திட்டுறாங்க…

அம்மாவுக்கு நம்ம ஊர் ஐப்பசி தெரியும். இங்க செப்டம்பர் கடைசியோட மழை கிளம்பிடும், அப்புறம் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் தாகுரிங்கிற மேட்டு மேல நின்னா மைக்தோலி சிகரம் பளிச்சுன்னு தெரியும். ஆனாலும் அம்மா பயத்துல நியாயம் இருக்கு. 2021 அக்டோபர் 17, 18, 19 மூணு நாள் உத்தராகண்ட்ல கொட்டித் தீத்துது, பிண்டாரிக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு சுந்தர்துங்காவுக்குப் போன ட்ரெக்கர்ஸ் சிலபேர் பனில செத்தே போனாங்க. அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் வானிலை பாரு, ஆரஞ்சு அலர்ட் இருந்தா டிக்கெட் காசு போனா போகுதுன்னு வீட்லயே இரு.

பை எத்தனை கிலோ இருக்கலாம்? ப்ராக்டிஸ் எப்படி? டெல்லில மேடே இல்லையே!

தண்ணியோட சேத்து பத்து கிலோ தாண்டக்கூடாது. எங்க ஏரியா முருகன் கோயில் மலை மந்திர் படி ஏறினா புண்ணியம் கிடைக்கும், ஆனா ஷூ போட்டுக்கிட்டு ஏற முடியாதே! நான் பைக்குள்ள அஞ்சு கிலோ ஆட்டா பாக்கெட் ரெண்டு போட்டுக்கிட்டு எங்க குவார்ட்டர்ஸ் மாடிப்படிய தினம் இருபது தடவை ஏறி இறங்குவேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரேஷன் எங்க கிடைக்குதுன்னு கேட்டாங்க. மலைக்குப் போட்டுட்டுப் போற அதே ஷூவப் போட்டு ஏறணும், அதுதான் முக்கியம். முதல் தடவை நான் புது ஷூவோட போனேன், காத்திலேருந்து துவாலி போறதுக்குள்ள குதிகால்ல அம்பது பைசா சைஸுக்குக் கொப்புளம், சாக்ஸ உருவினா தோலும் கூடவே வந்துது. இப்பல்லாம் லேசா எரிய ஆரம்பிச்சாலே உக்காந்து டேப் ஒட்டிடுவேன். கால் நகத்த ஒட்ட வெட்டிக்கோ, ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும்.

ஜீன்ஸ் போட்டுக்கலாமா?

வேணாம். நனைஞ்சா காயாது.

டயமாக்ஸ் போட்டுக்கிட்டா வேகமா ஏறிடலாமாமே?

யாரு சொன்னா? அது உயரத்துல காத்து கம்மியாகி உடம்புக்கு முடியாம போறதுக்கான மாத்திரை, வேகத்துக்கு இல்ல. டாக்டர் கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. 3000 மீட்டருக்கு மேல ராத்திரி தூங்குற இடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது. துவாலிலேருந்து ஃபுர்கியா ஏற்றம் அதத் தாண்டிடும், அதனால துவாலில ஒரு நாள் கூட இருங்க. தலைவலியோட வாந்தி வந்தா அதுக்கு மேல ஏறாதீங்க, குறையலன்னா கீழ இறங்கிடுங்க. தள்ளாடினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரின்னு கூட பாக்காம ஆள் துணையோட இறங்கணும்.

பொண்ணு தனியாப் போறேன், சிக்னல் இல்லன்னா? சாட்டிலைட் மெசஞ்சர் வாங்கலாமா?

அதத் தொடாதம்மா, நம்ம நாட்ல அனுமதி இல்லாம வெச்சிருந்தா போலீஸ் கேஸ். என்னைக்கு எங்க தூங்குவேன்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல குடு, இந்தத் தேதி ராத்திரிக்குள்ள போன் வரலன்னா 112க்கு அடிங்கன்னு அதுலயே எழுது. ஒவ்வொரு ரெஸ்ட் ஹவுஸ்லயும் அடுத்து எங்க போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பு. அக்டோபர் கடைசில அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், மூணு மணிக்குள்ள தங்குற இடத்துல இருக்கணும். துவாலிக்கு மேல பயமா இருந்தா காத்திலேயே ஒரு ஆள கைடா கூட்டிக்கோ, அதுல கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிடாது. நான் ரெண்டு தடவை மேகம் பாத்துட்டு ஜீரோ பாயின்டுக்கு முன்னாடியே திரும்பிட்டேன், மூணாவது தடவைதான் போய்ச் சேந்தேன்.

சாப்பாடு என்ன எடுத்துட்டுப் போறது?

பருப்புப் பொடி. அங்க தினம் தால் சாவல், அதான் பருப்புஞ்சோறுதான், மூணாவது நாள் நாக்கு செத்துடும். ஃபுர்கியால ராத்திரி வெளிய வெச்ச தண்ணி பாட்டில் காலைல கல்லாயிடுச்சு, சமையக்கட்டுல அடுப்புப் பக்கத்துல உக்காந்து சுடுசோத்துல பொடியும் நெய்யும் போட்டுப் பிசைஞ்சேன், சமைக்கிற பையா எட்டிப் பாத்தார், ஒரு உருண்டை குடுத்தேன். அடுத்த வருஷம் போனப்ப நமஸ்தேக்கு முன்னாடி அவர் கேட்டது, "தீதி, வோ பவுடர் லாயி ஹோ?" அக்கா, அந்தப் பொடி கொண்டாந்தீங்களான்னு!