டிக்கெட்டில் ஆறே முக்கால், சீட்டில் நாலேகால்

வேலூரில் முப்பது வருஷம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். விமான தூரம், நேரம் பற்றி என்ன சந்தேகமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சில:

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா: சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பி மாலை 4.45-க்கு இறங்கும் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு நேரம் உட்கார என் முட்டி தாங்குமா ஐயா?

தாங்கும்மா. உட்காரப்போவது நாலேகால் மணி நேரம்தான். கிளம்பும் நேரம் நம்ம ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதைக் கழித்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவதுபோல் தெரியும். நம்பாதீர்கள், அங்கே இரண்டரையைக் கூட்டணும். துபாயும் கிட்டத்தட்ட இதே 2,900 கி.மீ.தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

ஆம்பூர், தோல் கம்பெனிக்காரர்: அண்ணே, சென்னை–லண்டன் 8,200 கி.மீ. வேகம் 900. வகுத்தால் ஒன்பது மணி சொச்சம். பதினொரு மணி நேரம் என்கிறார்களே, எங்கே இடிக்கிறது?

வகுத்தது சரி தம்பி. ஆனால் 8,200 என்பது உருண்டை மேல் நூல் பிடித்த தூரம். விமானம் சண்டை நடக்கும் நாடுகளின் வானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. 900-ம் மேலே ஏறி நிலைத்த பிறகுதான். டிக்கெட் நேரமோ இங்கே விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்க முறை வராமல் வட்டமடிப்பதும் அதில் சேர்த்தி.

பெரிய விஷயம் காற்று. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று அடிக்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைக்கூடத் தாண்டும். போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். ஆடி மாசம் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? அதேதான்.

காட்பாடி மாணவர்: அமெரிக்கா போகிற விமானம் வரைபடத்தில் ஏன் வளைந்து வடக்கே போகிறது சார்?

வளைந்தது விமானமில்லை, தட்டையாக்கிய வரைபடம். பூமி உருண்டை ஒன்றை எடுத்து, பெங்களூரு மேலும் சான் பிரான்சிஸ்கோ மேலும் பூக்கட்டும் நாரை இழுத்துப் பிடியுங்கள், வடதுருவத்தை ஒட்டிப் போகும். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அந்த வழியாகத்தான் வந்தது. சுமார் 14,000 கி.மீ., பதினேழு மணி நேரம்.

சத்துவாச்சாரி: நாலு மணி நேர விமானத்துக்கு வீட்டிலிருந்து எப்போது கிளம்பலாம்?

ஏழு மணி நேரம் முன்னால்! சிரிக்காதீர்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சென்னை விமான நிலையத்தில் இருக்கணும். சாலை 130 கி.மீ. சொச்சம், ஸ்ரீபெரும்புதூர் நெரிசலை யார் கணக்கிட முடியும்? நான் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடிப்பேன், விமான நிலையத்துக்குள்ளேயே விடும். நேரமிருந்தால் பக்கத்துப் பரங்கிமலையைப் பாருங்கள். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சங்கிலி போட்டு நாட்டை அளக்க ஆரம்பித்தது அதன் அடிவாரத்தில்தான்.