பேட்டரி மிஷினா, வயர் மிஷினா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறேன். கார்ட்லெஸ்ஸுக்கு (பேட்டரி மிஷினுக்கு) மாறலாமா?
– மதுரை வாசகர்

தாராளமாக மாறுங்கள். ஏணியில் நின்று தலைக்கு மேல் ஸ்க்ரூ முடுக்குகிறவருக்குக் காலடியில் வயர் கிடப்பதே ஆபத்து. 18 வோல்ட் மிஷின் ஒன்று, பேட்டரி இரண்டு: ஒன்று கையில், ஒன்று சார்ஜில். ஆனால் கான்கிரீட் தளத்தில் வரிசையாக ஆங்கர் போல்ட்டுக்கு ஓட்டை போட வயர் உள்ள ரோட்டரி ஹேமரையே (கான்கிரீட்டை இடித்துத் துளைக்கும் டிரில்) வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கார்ட்லெஸ் ஹேமர் டிரில் செங்கல் சுவரோடு சரி.

கிரானைட் அறுக்க பேட்டரி கிரைண்டர் நாள் முழுக்கத் தாங்குமா?
– ஓசூர் வாசகர்

தாங்காது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் இருப்பது 90 வாட்-அவர், அதாவது 90 வாட் வேலையை ஒரு மணி நேரம் ஓட்டும் சக்தி. 850 வாட் இழுக்கும் வேலைக்கு அது ஆறு நிமிடம்தான் வரும். வயர் மிஷினே வாங்குங்கள்.

ஆன்லைனில் 48 வோல்ட், 88 வோல்ட் டிரில் எல்லாம் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. நல்ல கம்பெனியின் 18 வோல்ட் மட்டும் ஏன் அவ்வளவு விலை?
– திருப்பூர் வாசகர்

அந்த 48ம் 88ம் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. இந்த மிஷின்களில் வரும் லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாக இணைத்தால் 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், அப்போது மொத்தம் 21. அதனால் ஒரே மாதிரி பேட்டரியை ஒரு கம்பெனி 18 என்கிறது, இன்னொன்று 20 மேக்ஸ் என்கிறது, மற்றொன்று 21 என்கிறது. இதுவரை குற்றமில்லை. உண்மையிலேயே 48 வேண்டுமென்றால் 13 செல் வேண்டும். 88 என்றால் இருபதுக்கு மேல். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அத்தனைக்கும் இடம் ஏது?

பொருட்காட்சியில் நான் வாங்கிய ஒரு '48 வோல்ட்' மிஷினின் பேட்டரியைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒற்றை வரிசையில் ஐந்தே செல். நீல உறை, அதில் கம்பெனி பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. மீட்டர் 20 சொச்சம் காட்டியது. ஸ்டிக்கர் அச்சடிக்கிறவருக்கு அது பொய் என்று நன்றாகவே தெரியும். இதில் மாட்டுவது யார்? முதல் சம்பாத்தியத்தைச் சேர்த்துவைத்துத் தொழில் தொடங்கும் பையன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியர்-அவரைப் பாருங்கள், கையில் தூக்கிப் பாருங்கள். 5 ஆம்பியர்-அவர் உள்ள 18 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டும். பஞ்சு மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தள்ளுபடியில் கார்ட்லெஸ் வாங்கினேன். பெட்டியில் பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள்!
– சேலம் வாசகர்

யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய படத்திலேயே 'பாடி ஒன்லி', அதாவது மிஷின் மட்டும், என்று இருக்கிறது. விலையைப் படித்த கண் அதையும் படித்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் இன்றே அனுப்புங்கள்.

கட்டிங் மிஷினில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் காயில்) இரண்டு முறை எரிந்துவிட்டது.
– கடலூர் வாசகர்

எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கும், மிஷின் திணறிச் சூடாகும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள்.

தச்சு வேலை செய்கிறேன். பில்லோடு வாங்கிய கார்ட்லெஸ் செட்டில் இரண்டே மாதத்தில் பேட்டரி செத்துவிட்டது. "தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் வழக்கு போட முடியாது" என்கிறார் கடைக்காரர்.
– தஞ்சாவூர் வாசகர்

அவர் பேச்சை நம்பாதீர்கள். வயிற்றுப்பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் அதற்கென வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நீங்கள் நுகர்வோர்தான். வாரன்டி அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; இருந்தால் அதைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். அப்புறம் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். அசையவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, மனுவை ஆன்லைனிலேயே போடலாம். பில்லின் எழுத்து மங்குவதற்குள் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். செத்த பேட்டரியை, ரசீது வாங்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.