சொத்து, செலவு, சட்டமன்றப் பணி: எம்.எல்.ஏ.வைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறையும் பெரும்பாலான கடிதங்கள் சொத்துக் கணக்கைப் பற்றித்தான். மறுபடியும் சொல்கிறேன்: கேள்வியோடு தொகுதியையும் தேர்தல் ஆண்டையும் எழுதுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை ஆதாரமாக அனுப்பாதீர்கள். வேட்பாளர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும்போது, யாரோ வெட்டி ஒட்டிய படம் எதற்கு?

எங்கள் எம்.எல்.ஏ. 2016-ல் 2 கோடி சொத்து காட்டினார், 2021-ல் 6 கோடி. மூன்று மடங்கு சொத்து சேர்த்துவிட்டார் என்று சொல்லலாமா? (விருதுநகர் வாசகர்)

கூட்டுத்தொகையை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26-ல் அசையா சொத்துப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் அது பூர்விகமா, வாங்கியதா, வாங்கியிருந்தால் எந்தத் தேதியில் என்ன விலைக்கு, இன்றைய சந்தை மதிப்பு என்ன என்று தனித்தனியாக இருக்கும். முதல் முறை வழிகாட்டி மதிப்பையும் (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் விலை) அடுத்த முறை சந்தை விலையையும் போட்டிருந்தால், ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாக வாங்காமலேயே தொகை ஏறிவிடும். புதிதாக வந்த சர்வே எண்கள் எவை, அவை யார் பெயரில், அந்த ஆண்டுகளில் காட்டிய வருமானம் எவ்வளவு என்றுதான் பார்க்கவேண்டும். கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கின்படியான வருமானத்தைக் குடும்பத்தாருக்கும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று 2019-ல் படிவத்தை மாற்றினார்கள். அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கடன் பகுதியைக் கழிக்கவும் மறக்காதீர்கள்.

எங்கள் எம்.எல்.ஏ. பத்தாம் வகுப்புகூட முடிக்கவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருக்கிறார். இது செல்லுமா?

செல்லும். 25 வயது நிரம்பியிருக்கவேண்டும், மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்கவேண்டும். படிப்புக்கு நிபந்தனை இல்லை.

பிரமாணப் பத்திரத்தில் சில கட்டங்களைக் காலியாக விட்டிருந்தும் வேட்புமனுவை ஏற்றுக்கொண்டார்களே? (நாமக்கல்)

காலியாக விட்டால், நிரப்பச் சொல்லித் தேர்தல் நடத்தும் அலுவலர் நினைவூட்டவேண்டும். அதற்கும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்றாவது எழுதியாகவேண்டும். நிரப்பியது பொய்யாக இருந்தால் வழி வேறு. அதற்குத் தனியாக வழக்குப் போடவேண்டும். ஆறு மாதம் வரை சிறை உண்டு.

எங்கள் எம்.எல்.ஏ. மீது ஆறு வழக்குகள். எப்படிப் பதவியில் இருக்கிறார்? (கடலூர்)

என்ன வழக்கு என்று எழுதவில்லையே! தடையை மீறி மறியல் செய்ததற்குப் போட்ட வழக்கும் கொலை முயற்சி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் தெரியும். சட்டப் பிரிவு எண்ணையும், நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா என்பதையும் பாருங்கள். இரண்டுமே படிவத்தில் இருக்கின்றன.

வழக்கு நிலுவையில் இருப்பதால் மட்டும் பதவி போகாது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் போகும். மதத்தின் பேரால் பகை மூட்டுவது, தேர்தலில் லஞ்சம் கொடுப்பது போன்ற சில குற்றங்களுக்கு அபராதம் விதித்தாலே போதும். முன்பு மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடர முடிந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்புறம், தண்டனையை நிறுத்திவைப்பதும் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பதும் வேறு வேறு. ஜாமீன் கிடைத்தால் பதவி திரும்பாது, தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டால்தான் திரும்பும். திருக்கோவிலூர் உறுப்பினர் 2023 டிசம்பரில் பதவி இழந்து 2024 மார்ச்சில் திரும்பப் பெற்றது அப்படித்தான்.

தொகுதியில் பத்து கோடி இறைத்தார்கள். கணக்கில் 20 லட்சம்தான். 40 லட்சம் வரம்பு என்பது வெறும் கண்துடைப்பா? (கரூர்)

எந்தத் தேர்தல்? ஆண்டைப் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? 40 லட்சம் 2022 ஜனவரியில் வந்தது. 2021 தேர்தலுக்கு வரம்பு சுமார் 31 லட்சம்.

வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் கட்சியின் பொதுப் பிரசாரமும் வேட்பாளர் கணக்கில் ஏறாது. வேட்பாளர் பெயரோ படமோ மேடையில் வந்தால் அந்தச் செலவில் பங்கு ஏறும். வாக்காளருக்குக் கொடுத்த பணமோ செலவுக் கணக்கில் வரவே வராது, அது குற்றம். அதற்காகத்தான் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும் வாக்குப்பதிவையே நிறுத்தினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது: சொந்தப் பணம், கட்சி கொடுத்தது, மற்றவர் நன்கொடை. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்யவேண்டும். நீங்களும் போய்ப் பார்க்கலாம். வரம்பை மீறியதாக ஆதாரம் இருந்தால், 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடவேண்டும். மூன்று வருடம் கழித்து எனக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.

எங்கள் எம்.எல்.ஏ. எந்தெந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார் என்ற பட்டியல் எங்கே கிடைக்கும்? (மதுரை கல்லூரி மாணவி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அப்படி ஒரு பட்டியல் கிடையாது, அம்மா. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

நம் சட்டமன்றத்தில் சட்டமுன்வடிவுகள் (மசோதாக்கள்) ஏறக்குறைய எல்லாமே குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போர், 'இல்லை' என்போர், நிறைவேறியது, முடிந்தது. 234 பேரில் யார் எந்தப் பக்கம் என்று பெயர்வாரியாக எதுவும் பதிவாகாது. பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கொத்தாக வந்து கொத்தாகப் போகும். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் வந்தது. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட இடம் கொடுத்த சட்டமுன்வடிவு. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, வெளிநடப்பும் செய்தன. அப்படியும் குரல் வாக்கில் நிறைவேறியது. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. லட்சக்கணக்கான தொழிலாளர்களின் வேலை நேரத்தைத் தொட்ட ஒரு விஷயத்தில் உங்கள் தொகுதி உறுப்பினர் வாயைத் திறந்தாரா, எந்தப் பக்கம் நின்றார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வழியில்லை. கட்சியின் நிலை தெரியும், அவ்வளவுதான். இது தவறு. வாக்காளரிடம் கையெடுத்துக் கும்பிட்டுப் போனவர், எங்கே கை தூக்கினார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

எண்ணிக் கணக்கெடுக்கும் வாக்கெடுப்பு அபூர்வம். 2017 பிப்ரவரி நம்பிக்கைத் தீர்மானத்தில் பகுதி பகுதியாக எண்ணினார்கள்: 122 ஆதரவு, 11 எதிர்ப்பு. அப்படி எண்ணினாலும் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 முதல் தலைக்கு மேல் நிற்கிறது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அரசு கவிழாமல் இருக்க அது தேவை என்பது சரி. ஒவ்வொரு சாதாரணச் சட்டமுன்வடிவுக்கும் அதே பயம் எதற்கு?

சரி, பட்டியல் இல்லாவிட்டாலும் தேட இடம் உண்டு. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பெயரைத் தேடுங்கள். துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தில் எந்தத் துறை பற்றிப் பேசினார், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் கவனத்தை ஈர்க்கும் கவன ஈர்ப்பு கொடுத்தாரா, அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, வினா நேரத்தில் துணைக் கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். எந்தக் குழுவில் இருந்தார் என்பதையும் பாருங்கள். பொதுக் கணக்குக் குழு, மனுக்கள் குழு, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகளைப் பின்தொடரும் உறுதிமொழிக் குழு ஆகியவற்றில் நடக்கும் வேலை செய்திகளில் அதிகம் வராது, அறிக்கைகளில் இருக்கும். கேள்வி எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடும்போது கவனம் தேவை. அமைச்சரும் பேரவைத் தலைவரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அவர்களுக்குப் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். "எங்கள் ஊருக்குப் பேருந்து வருமா" என்று ஐம்பது கேட்டவரைவிட, ஒரு சட்டமுன்வடிவின் உட்பிரிவுக்குத் திருத்தம் கொடுத்தவரை நான் மேலாக மதிக்கிறேன்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஐந்து ஆண்டுக்கு 15 கோடி. அதை எம்.எல்.ஏ. என்ன செய்தார்? (திருவாரூர்)

அந்தப் பணம் அவர் கைக்கே போகாது. ஆண்டுக்குச் சுமார் 3 கோடிக்கு அவர் பணிகளைப் பரிந்துரைப்பார். ஒப்புதல், ஒப்பந்தம், பட்டுவாடா எல்லாம் மாவட்ட நிர்வாகம். பணி வாரியான பட்டியலை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த ஆண்டு என்று மனுவில் எழுதுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

எங்கள் முன்னாள் எம்.எல்.ஏ.வின் 2001 பிரமாணப் பத்திரம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மறைத்துவிட்டார்களா?

யாரும் மறைக்கவில்லை. சொத்து, வழக்கு, படிப்பு விவரங்களைக் கேட்டுப் பெறும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2002-ல்தான். தமிழ்நாட்டில் பொதுத்தேர்தல் என்று பார்த்தால் 2006-லிருந்து தேடுங்கள்.