கறுப்பாக இருந்தால் மின்சாரம் கடத்திவிடுமா? கார்பன் கலந்த பிளாஸ்டிக் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: குழாய்க்குப் போடும் கறுப்பு மாஸ்டர்பேட்ச் (கார்பனை அடர்த்தியாகக் கலந்த பிளாஸ்டிக் குருணை) 5 சதவீதம் சேர்த்தும் பாலிஎத்திலீன் கடத்தவில்லையே?

ப: அது வெயிலைத் தாங்கப் போடும் கறுப்பு. உள்ளே போனது சுமார் 2 சதவீதம் கார்பன்தான். துகளுக்குத் துகள் எட்டாது. கடத்தும் கிரேடு என்று கேட்டு வாங்குங்கள்.

கே: எத்தனை சதவீதம் கார்பன் போடலாம்?

ப: எந்தக் கார்பன்? எந்தப் பிளாஸ்டிக்? இரண்டையும் எழுதாமல் சதவீதம் மட்டும் கேட்பதை எப்போது நிறுத்தப்போகிறீர்கள்? சாதாரண ஃபர்னஸ் பிளாக் (எண்ணெயை எரித்துச் செய்யும் கார்பன் கரி) என்றால் 20 சதவீதத்துக்குப் பக்கம், கெட்ஜென்பிளாக் ரகம் (நுண்துளை மிகுந்த கார்பன்) 5 முதல் 8, நானோடியூப் (நுண்குழல் வடிவக் கார்பன்) 2 அல்லது 3. எதுவானாலும் முதலில் உலர்த்துங்கள்.

கே: கலக்கும் எக்ஸ்ட்ரூடரில் ஸ்க்ரூ வேகத்தைக் கூட்டினால் நன்றாகப் பரவுமா?

ப: பரவும், கடத்தாது. அதிக ஷியரில் (உருகிய பிளாஸ்டிக்கை இழுத்து அரைக்கும் விசையில்) கார்பன் சங்கிலிகள் அறுந்துபோகும். பாலிமர், அதாவது பிளாஸ்டிக், உருகிய பிறகு சைடு ஃபீடரில் (எக்ஸ்ட்ரூடரின் பக்கவாயில்) கார்பனை விடுங்கள்.

கே: மல்டிமீட்டரில் 200 காட்டுகிறது. பாஸா?

ப: 200 என்ன? ஓமா, கிலோ ஓமா? எங்கிருந்து எங்கே? வாரத்துக்கு ஒருவராவது இப்படி எழுதுகிறார். வார்த்த துண்டின் மேல் ஊசியை வைத்து எடுக்கும் எண்ணில் பெரும்பங்கு தொடுமிடத்தின் தடையாகவே இருக்கலாம். இன்ஜெக்‌ஷன் செய்த துண்டின் மேல்தோலில் கார்பன் குறைவு, உள்ளேதான் அதிகம். அழுத்திப் பிடித்தால் ஒரு எண், லேசாக வைத்தால் வேறொன்று. இதை நம்பிச் சரக்கை அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் எனக்குக் கடிதம்! இரு முனையிலும் வெள்ளிப் பெயின்டைப் பட்டையாகத் தடவி, காய்ந்த பிறகு பட்டைக்குப் பட்டை அளங்கள். தடையை அகலத்தாலும் தடிமனாலும் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் ஓம்-செ.மீ. கிடைக்கும். சில ஓம்தான் என்றால் நான்கு முனை அளவீடு (மின்னோட்டம் இரு முனையில், வோல்ட் வேறு இரு முனையில்). ஆன்டிஸ்டாடிக் (நிலைமின்சாரம் சேராத) சரக்கு பல கோடி ஓம் போகும், கை மீட்டருக்கு எட்டாது. 100 வோல்ட் கொடுக்கும் கருவி தேவை.

கே: கார்பனைக் குறைக்க வேறு வழி உண்டா?

ப: உண்டு. ஒன்றோடொன்று கரையாத இரண்டு பாலிமர்களை எடுங்கள். பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன் பழகிய ஜோடி. கார்பன் பாலிஎத்திலீன் பக்கம் ஒதுங்கும். இரண்டும் அறுபடாமல் பின்னி ஓடும் விகிதத்தில், பாதிக்குப் பாதிக்கு அருகே, கார்பன் தேவை நன்றாகக் குறையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையிலேயே கார்பனை நிறுத்தினால் 1 சதவீதத்துக்கும் கீழே வரலாம். ஆனால் கூடுதல் நேரம் கலக்கினால் கார்பன் பாலிஎத்திலீனுக்குள் நழுவிவிடும். ஷியர் பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள்.

கே: எச்.டி.பி.ஈ. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) தகடு 130 டிகிரி நெருங்கியதும் தடை எகிறுகிறது. கலவை கெட்டுவிட்டதா?

ப: இல்லை. படிகங்கள் உருகிப் பாலிமர் விரிய, கார்பன் தொடர்பு அறுகிறது. தானே மீளும் ஃபியூஸ்கள் இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. இன்னும் சூடேற்றினால் தடை மறுபடி இறங்கும்; அதைத் தடுக்க பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க (கிராஸ்லிங்க் செய்ய) வேண்டும்.

கே: நானோடியூப் பொடியை அப்படியே ஹாப்பரில் (இயந்திரத்தின் தீனிவாயில்) கொட்டலாமா?

ப: கூடாது. மூச்சில் போகும். மாஸ்டர்பேட்சாக வாங்குங்கள், அதையும் உலர்த்திவிட்டுப் போடுங்கள்.