சந்திரமுகி வைத்தியம் வீட்டில் பலிக்குமா?

கேள்வி: என் தம்பி மனைவிக்கு 24 வயது. சொந்தத்தில்தான் கட்டினோம், என் அம்மா அவளுக்கு அத்தை முறை. அம்மா போன வருடம் தவறிவிட்டார். நாலைந்து மாதமாக, சில சாயங்காலங்களில் இவள் குரல் மாறி அம்மாவைப் போலவே பேசுகிறாள். தம்பியை ‘டேய்’ போட்டு அதட்டுகிறாள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறாள். கேட்டால் எதுவும் ஞாபகமில்லை என்கிறாள். ‘சந்திரமுகி’ கங்காவுக்கு வந்த வியாதிதான் இது என்கிறார் மாமா. படத்தில் செய்ததுபோல் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டால் சரியாகுமா?
- வாசகி, தேனி

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி. 2005-ல் வந்த ‘சந்திரமுகி’யிலும் அதற்கு மூலமான 1993 மலையாளப் படத்திலும் கங்காவைப் பிடித்திருப்பது பேயல்ல, மன நோய் என்று சொன்னார்கள். டிஸோசியேட்டிவ் கோளாறுகள், அதாவது நினைவும் ‘நான் யார்’ என்ற உணர்வும் சிறிது நேரம் அறுந்துபோகும் கோளாறுகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. கடைக்குக் கிளம்பியவளைக் கணவர் தடுத்ததும் கட்டிலைத் தூக்குவாளே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பெயர் சொல்லி அழைத்ததும் என்ன நடந்தது என்றே தெரியாமல் விழிப்பாள். அந்த விழிப்பு நிஜமானது. நடிப்பு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஆனால் படத்தில் நோயை நிரூபித்துக் காட்டுவதற்காக வேண்டுமென்றே அவளைச் சீண்டிவிட்டதை எந்த மனநல மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சிகிச்சை என்று காட்டியதோ சுத்த சினிமா. துர்காஷ்டமி இரவில் ஒரு பொம்மையை எரிக்கக் கொடுத்ததும் கங்காவுக்கு எல்லாம் சரியாகிவிடுகிறது. வீட்டில் அப்படிச் செய்தால் எதிர்ப்பலன்தான். வந்திருப்பது அம்மாதான் என்று கும்பிட்டு, கேட்டதையெல்லாம் கொடுக்கக் கொடுக்க அந்த ‘அம்மா’ வேரூன்றிவிடுவார்.

உங்கள் தம்பி மனைவி விஷயத்தில் நான் கவனிப்பது வேறு. கங்காவைப் போல முழுக்க வேறு ஆளாக மாறுவது அபூர்வம். நம் ஊரில் அதிகம் பார்ப்பது, இறந்தவரோ சாமியோ சிறிது நேரம் ‘வந்து’ போகும் நிலைதான். (கோயில் கொடையில் சாமியாடுவது நோயல்ல, அதை இதோடு சேர்க்காதீர்கள்.) மருமகளாக அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மாமியாராக வந்தால் சொல்லிவிடலாம், இல்லையா? புருஷனை அதட்டலாம், வீடும் பயந்து கேட்கும். இதை அவள் திட்டம் போட்டுச் செய்வதில்லை. அதனால் ‘அம்மா’ என்ன குறை சொல்கிறார் என்று தம்பியைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். குடியா, அடியா, குழந்தை பற்றிய நச்சரிப்பா? பெரும்பாலும் அதில்தான் விஷயம் இருக்கும். அத்தையை இழந்த துக்கமும் ஆறாமல் இருக்கலாம்.

அந்த நேரத்தில் வெங்காயத்தை மூக்கில் வைப்பது, மிளகாய்ப் புகை, வேப்பிலை அடி எதுவும் கூடாது. கூட்டத்தை விலக்கி, கத்தியும் அடுப்பும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒருவர் மட்டும் அவள் பெயரைச் சொல்லி நிதானமாகப் பேசினால் போதும். போனில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். சில வகை வலிப்பும் இப்படிக் குழப்பும். தேவைப்பட்டால் மருத்துவர் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுப்பார். டிஸோசியேட்டிவ் கோளாறுதான் என்று உறுதியானால் முக்கிய சிகிச்சை பேச்சுதான். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கும். கணவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் அதற்குத் தருவார்கள். மந்திரிப்பதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். முதலில் போனில் பேச நினைத்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று ஒரு தடவை சொல்லியிருந்தாலும் இன்றைக்கே கிளம்புங்கள். எந்தத் தேதியில் வந்தது, அன்று பகலில் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அவள் மருத்துவரிடம் தனியாகப் பேசும்போது, தம்பி உட்பட, எல்லாரும் வெளியே இருங்கள்.