இரண்டு அத்திப்பழத்தால் இரத்தம் ஊறுமா?

முன்பெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் மட்டும் மாலை மாலையாகத் தொங்கிய உலர் அத்திப்பழம், இன்று தெருமுனை மளிகைக் கடையில் பேரீச்சைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதைப் பற்றி வரும் கடிதங்களும் பெருகிவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அத்திக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. கல்லூரியில் நடந்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஆகையால் அதை நிறுத்திவிட்டு, இரவில் பாலில் ஊறவைத்த அத்திப்பழம் இரண்டைக் காலையில் கொடுத்து வருகிறேன். இரத்தம் ஊறுவதற்கு இது போதுமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாது, அம்மா. தயவுசெய்து இந்த வாரமே மகளை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே அது இரத்தசோகை. 8.6 என்பது இன்னும் சற்று இறங்கினால் கடுமையான நிலையைத் தொட்டுவிடும் அளவு. உணவால் மட்டும் ஈடுகட்டக்கூடிய குறை அன்று இது.

அத்திப்பழத்தில் இரும்புச்சத்து இருப்பது உண்மைதான். எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. உலர் அத்தி 100 கிராமில் ஏறக்குறைய 2 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. இந்தப் பதிலை எழுத உட்காரும் முன் வீட்டில் இருந்த மாலையிலிருந்து இரண்டு பழங்களை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். இரண்டும் சேர்ந்து 31 கிராம் காட்டின. அப்படியானால் தங்கள் மகளுக்கு அந்த இரண்டு பழங்களிலிருந்து கிடைப்பது சுமார் 0.6 மில்லிகிராம். அவள் வயதுப் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவோ நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். அத்திப்பழத்தை மட்டும் நம்பி அந்த அளவை எட்ட வேண்டுமானால் தினமும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உலர் பழம் தின்ன வேண்டும். அதிலிருந்து 3,500 கலோரிக்கும் மேல் உடலில் சேரும்.

பாலில் ஊறவைத்துத் தருவது இன்னொரு சிக்கல். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து, காய்கனிகளிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வதைக் குறைக்கிறது. தேநீரும் காப்பியும் அப்படியே. பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, அதோடு கொஞ்சம் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக் கொடுத்தால், அதில் உள்ள சிறிதளவு இரும்புச்சத்தாவது நன்றாக உடலில் சேரும்.

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே தவிர, நாமாக நிறுத்திவிடக் கூடாது. உணவுக்குப் பின் சாப்பிடச் சொல்வார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் தருவார்கள், அல்லது வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார்கள், வழி இருக்கிறது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. மாத்திரை சாப்பிடும்போது அது இயல்பானது. ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் உடலின் இருப்பு நிரம்புவதற்காகச் சில மாதங்கள் மாத்திரையைத் தொடரும்படி மருத்துவர் சொல்வார். அதையும் இடையில் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, இரத்தம் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கின்போது அளவுக்கு மீறி இரத்தப்போக்கு இருக்கிறதா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்பவை முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள் ஆகியவற்றையும், அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் ஆட்டு ஈரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி முருங்கைக்கீரைப் பொரியல், விலை உயர்ந்த இரண்டு அத்திப்பழங்களைவிட அதிக இரும்புச்சத்தைத் தரும்.

அத்தி, மாதுளை, பீட்ரூட் என்று சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாக மாறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த நிலையில் ஒரு பழத்தை நம்பி மாத்திரையைக் கைவிடுவதைக் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கும் இதையேதான் சொல்வேன். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தரப்படும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன; அத்திப்பழம் அதற்கு மாற்றாகாது.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற பின் மலச்சிக்கல் பெருந்தொல்லையாக இருக்கிறது. ஊறவைத்த அத்திப்பழம் சாப்பிட்டால் தீரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். முயன்று பார்க்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: தாராளமாக முயன்று பார்க்கலாம், ஐயா. அத்தியின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. உலர் அத்தி 100 கிராமில் ஏறத்தாழ 10 கிராம் நார்ச்சத்து உண்டு. நாம் அன்றாடம் உண்ணும் பழங்களில் இந்த அளவை எட்டுபவை மிகச் சில. நடுத்தர அளவுள்ள நான்கு பழங்களில் சுமார் 6 கிராம் கிடைத்துவிடும். ஒரு நாளுக்கு நமக்கு 30 கிராம் அளவுக்கு நார்ச்சத்து வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடுகிறது.

பழத்தை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தோலை ஒட்டி ஒரு வெளிர்ந்த சதை, அதற்குள் பசைபோன்ற சிவந்த பகுதி, அதில் கடுகைவிடச் சிறிய நூற்றுக்கணக்கான விதைகள். சதையில் இருக்கும் பெக்டின் என்னும் கரையும் நார், தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி மலத்தை இளக்குகிறது. விதையிலும் தோலிலும் இருக்கும் கரையாத நார் மலத்தின் பருமனைக் கூட்டி, குடல் அதை முன்னே தள்ளுவதற்கு உதவுகிறது. இந்த இரண்டு வேலைகளுக்கும் தண்ணீர் வேண்டும். நாள் முழுவதும் இரண்டு தம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நார்ச்சத்தைக் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகத்தான் செய்யும்.

இரவில் இரண்டு பழங்களைக் கழுவி, அரைத் தம்ளர் தண்ணீரில் போட்டு மூடிவையுங்கள். காலையில் பழத்தை மென்று தின்றுவிட்டு அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுங்கள். சர்க்கரையும் கரையும் சத்துகளும் ஓரளவு அதில் இறங்கியிருக்கும். ஊறவைப்பதால் புதிதாகச் சத்து எதுவும் உண்டாவதில்லை. பழம் மென்மையாகிறது, பல் பழுதுபட்டவர்களுக்கு மெல்ல எளிதாகிறது, அவ்வளவே. ஒரு வாரம் கழித்து மூன்று, நான்கு என்று கூட்டலாம். முதல் நாளே ஆறு பழங்களைச் சாப்பிட்டால் வயிறு உப்பும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். தென்கொரியாவில் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு எட்டு வாரம் அத்திப்பழக் கூழ் கொடுத்துச் செய்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 300 கிராம். இரண்டு பழம் உதவும். கீரை, அவரை, கொய்யா, தீட்டாத அரிசி, மாலை நடை ஆகியவையும் சேர்ந்தால்தான் நிலையான மாற்றம் வரும்.

தாங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இந்தச் சிக்கல் அண்மையில்தான் தொடங்கியதா? மலத்தோடு இரத்தம் போகிறதா? காரணமின்றி எடை குறைகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அத்திப்பழத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டறிந்த பிறகே உண்ண வேண்டும்; உலர் அத்தி 100 கிராமில் 680 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் அதே பொட்டாசியம், பழுதுபட்ட சிறுநீரகத்துக்குச் சுமையாகிவிடும்.

கேள்வி: எனக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். அத்திப்பழம் இனிப்பாக இருந்தாலும் சர்க்கரையை ஏற்றாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மையன்று. உலர் அத்தியின் எடையில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான். கடையில் விற்கும் வகையான சீமை அத்தியின் புதிய பழத்தில் 79 விழுக்காடு தண்ணீர் இருப்பதால் 100 கிராமில் 16 கிராம் சர்க்கரையும் 74 கலோரியும் மட்டுமே உண்டு. அதுவே காய்ந்து சுருங்கியதும் 48 கிராம் சர்க்கரையும் 249 கலோரியுமாகத் திரண்டுவிடுகிறது. நார்ச்சத்து இருப்பதால் அந்தச் சர்க்கரை சற்று மெதுவாக இரத்தத்தில் கலக்கும் என்பது சரி. ஏறவே ஏறாது என்பது தவறு.

புனேப் பக்கம் புரந்தரில் விளையும் புதிய பழம் பருவத்தில் கிடைத்தால் ஒன்று சாப்பிடுங்கள். உலர் பழம் என்றால் ஒன்று போதும். அதையும் மற்ற உணவோடு கூடுதலாகச் சேர்க்காமல், அன்றைய வேறொரு பழத்துக்குப் பதிலாக, நாலைந்து நிலக்கடலையோடோ பாதாம் பருப்போடோ உண்ணுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டால், எந்தக் காணொளியைவிடவும் தெளிவான பதில் கிடைக்கும். தேனில் ஊறவைத்து ஜாடியில் விற்கும் அத்தியைத் தாங்கள் தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் பெரிய அத்திமரம் நிற்கிறது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. கடையில் விற்பதும் இதுவும் ஒன்றா? பிட்டால் உள்ளே பூச்சி இருக்கிறதே, சாப்பிடலாமா? நாங்கள் சைவம்.
— வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: இரண்டும் வேறு. தங்கள் கிணற்றடியில் நிற்பது நாட்டு அத்தி. சங்கப் புலவர்கள் அதவம் என்று பாடிய மரம், ஆலுக்கும் அரசுக்கும் உறவு. கடையில் விற்பது மேற்கு ஆசியாவிலிருந்து பரவிய சீமை அத்தி. நான் மேலே சொன்ன ஊட்டச்சத்துக் கணக்கெல்லாம் சீமை அத்திக்கு உரியது; தங்கள் மரத்துப் பழத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

அத்திப்பழம் என்று நாம் சொல்வது உண்மையில் உட்பக்கமாகச் சுருண்டுகொண்ட ஒரு பூங்கொத்து. பூக்கள் வெளியே தெரிவதே இல்லை. ‘அத்தி பூத்தாற்போல’ என்ற வழக்கு அதனால் வந்தது. நாட்டு அத்தியில், நுனியில் இருக்கும் சிறு துளை வழியாக நுழையும் நுண்ணிய குளவி உள்ளே முட்டையிட்டு, மகரந்தத்தையும் சேர்க்கிறது. அதன் குஞ்சுகள் அங்கேயே வளர்கின்றன. ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்று நம் முன்னோர் சொன்னது பார்த்துச் சொன்ன சொல். பழத்தைப் பிளந்து, தட்டி உதறி உண்பவர்கள் உண்டு. சைவம் என்று கருதுகிற தங்களுக்கு அது மனம் ஒப்பாது. அதற்குப் பதிலாகப் பிஞ்சைப் பறித்து நசுக்கி, கழுவி, பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். அதன் துவர்ப்பு வயிற்றுப்போக்கைக் கட்டும் என்பது சித்த மருத்துவ வழக்கு. ஆகவே மதுரை வாசகர் மலச்சிக்கலுக்கு இந்தப் பிஞ்சைத் தேடக் கூடாது.

புனே வகைச் சீமை அத்தி, குளவியின் துணை இல்லாமலே கனிகிறது. துருக்கியிலிருந்து வரும் உலர் பழ வகைகளுக்குக் குளவி தேவை. அந்தப் பழத்துக்குள் நுழையும் குளவியால் முட்டையிட முடிவதில்லை. அது மடிந்து, பழத்தில் உள்ள ஃபிசின் என்னும் நொதியால் பெரும்பாலும் கரைந்துபோகிறது. பல்லில் நறநறப்பது விதைதான். இருந்தும் மனம் உறுத்தினால் புனே வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: உலர் அத்தியின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சையா?
— வாசகி, சென்னை

பதில்: பெரும்பாலும் பழத்தின் சர்க்கரையே வெளியே வந்து உறைந்திருக்கும்; வெதுவெதுப்பான நீரில் போட்டால் கரைந்துவிடும். பஞ்சுபோல் மெத்தென்று இருந்து, புளித்த வாடையோ மக்கல் வாடையோ வந்தால் அது பூஞ்சை. பிளந்து பார்க்கும்போது உள்ளே கரித்தூள்போல் கறுப்பாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். கழுவித் தின்ன வேண்டாம். கெட்ட அத்தியில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகக்கூடும், அது கல்லீரலைத் தாக்கும். அளவுக்கு மீறிப் பளீரென்று மஞ்சளாக இருக்கும் பழத்துக்குக் கந்தகப் புகை காட்டியிருக்கலாம் என்பதால், ஆஸ்துமா உள்ள வீட்டில் மங்கிய பழுப்பு நிறப் பழமே நல்லது. மழைக்காலத்தில் மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் தொட்டியில் வைத்த சீமை அத்தியின் கிளைகளைக் கழித்தேன். மறுநாள் கை முழுவதும் சிவந்து கொப்புளித்துவிட்டது. பழம் சாப்பிடலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: கழித்த இடத்தில் வடியும் பாலிலும் இலையிலும் இருக்கும் சோரலென் என்னும் பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தீப்புண் போலவே கொப்புளிக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், கொப்புளத்தை உடைக்க வேண்டாம், வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஆறிய பின் சில மாதங்கள் அந்த இடம் கறுத்திருக்கலாம். இனிக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து மாலை வேளையில் கழியுங்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்கு கனிந்த பழத்தில் பால் வற்றிவிடும் என்பதால் அதைச் சாப்பிடத் தடையில்லை. காம்பில் இன்னும் பால் கசியும் பழம் முற்றவில்லை. அதை மரத்திலேயே விட்டுவையுங்கள். ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் அத்திப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பலூன் ஊதும்போதோ ரப்பர்க் கையுறை அணியும்போதோ தங்களுக்கு அரிப்பு வந்ததுண்டு என்றால், பழத்தை வாயில் வைக்கும் முன் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.