உதவாத சக்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு ‘டூம் பட்ரோல்’ என்ற சூப்பர் ஹீரோ தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்தேன். சில இடங்களில் சிரித்தேன், பல இடங்களில் எரிச்சல் வந்தது. பேசும் தெரு, தசையை முறுக்கினால் உலகத்தையே மாற்றிவிடும் பயில்வான், பதற்றம் வந்தால் கூழாக வழியும் நடிகை. இதெல்லாம் ஒரு சக்தியா? நான் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன். சூப்பர்மேன், பேட்மேன் என்று அத்தனை பேர் இருக்க, எதற்கும் உதவாத இந்த உதிரிகளை ஏன் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள்? கதைப் பஞ்சமா? மீதி சீசன்களைப் பார்க்கலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

என் அண்ணனும் கூட உட்கார்ந்து பார்த்தார். அவருக்குத் திக்குவாய். எட்டாவது எபிசோடு முடிந்ததும் எழுந்து போனவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கே., கரூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் முக்கியமான விஷயத்தைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே வருகிறேன். அதற்கு முன் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

மாயாவியைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர். அவருடைய சக்தி என்ன? உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். பாய்ந்தால் ஆள் மறைவார், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை தனியாக மிதந்து போகும். பத்து வயதில் இதை மறுபேச்சில்லாமல் நம்பியவர் நீங்கள். கூழாக வழியும் அந்த நடிகை ரீட்டாவைப் பார்த்ததும் ‘இதெல்லாம் ஒரு சக்தியா’ என்று கேட்க எப்படி மனம் வந்தது?

கதைப் பஞ்சம், வியாபாரம் பற்றியெல்லாம் பேச எனக்கு ஆர்வமில்லை. பெரிய பெயர்களைச் சினிமா எடுத்துக்கொள்கிறது. சின்னப் பெயர்களை வைத்து எழுதுபவர்களுக்கு இஷ்டம்போல் விளையாட இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

ரீட்டாவுக்கு வருவோம். டூம் பட்ரோல் 1963இல் டிசி காமிக்ஸில் தொடங்கியது. ஆர்னால்ட் டிரேக்கும் பாப் ஹேனியும் எழுத, புரூனோ பிரமியானி வரைந்தார். அந்தக் காமிக்ஸில் ரீட்டா ஃபார் ஒரு ஹாலிவுட் நடிகை. ஆப்பிரிக்காவில் படப்பிடிப்பின்போது எரிமலை வாயுவைச் சுவாசிக்கிறாள். அதன்பிறகு நினைத்தால் கட்டட உயரம் வளர்வாள், நினைத்தால் விரலளவு சுருங்குவாள். நல்ல சக்தி, உங்களுக்கும் பிடித்திருக்கும். 2019 தொடரில் ‘நினைத்தால்’ என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் பௌல்பி நடித்த ரீட்டாவுக்கு உடம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதே அன்றாட வேலை. ஒரு அவமானம், ஒரு பயம் போதும், கன்னம் இளகித் தொங்கும், விரல்கள் வழியும். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, குரல் நடுங்காமல் பேசி, ஒரு நாளை முடிக்கிறாள் பாருங்கள், அந்த நாளின் வீரச்செயல் அதுதான். நான் அவளை அத்தனை காட்சிகளிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆளை இடிக்கும் சண்டைக்காட்சி எதிலும் எனக்கு அந்தப் பதைப்பு வந்ததில்லை. பெண்ணாகப் பிறந்து, அழகைக் காட்டிச் சம்பாதித்து, முகம் கலைந்துவிடக் கூடாதே என்று காலம் முழுக்கப் பயந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான சக்தியை யாரால் யோசிக்க முடியும்? இதைப் பார்த்துத்தான் ‘இதெல்லாம் ஒரு சக்தியா’ என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பப் போய்ப் பாருங்கள்.

மற்றவர்களும் அப்படித்தான். விமானி லாரி தான் யாரை நேசிக்கிறோம் என்பதை 1960களில் ஊருக்கு மறைத்தவன், இப்போது முகத்தையே கட்டுத்துணிக்குள் மறைத்து வாழ்கிறான். ஜேன் என்ற பெண்ணுக்குள் 64 பேர், ஆளுக்கொரு சக்தி. பெற்ற தகப்பன் செய்த கொடுமையைத் தாங்க ஒரு சிறுமி உண்டாக்கிக்கொண்ட கூட்டம் அது.

‘எதற்கு உதவும்’ என்ற கேள்வியை நான் வெறுப்பதற்குக் காரணம் உண்டு. அதே பதிப்பகத்தின் இன்னொரு காமிக்ஸில், முப்பதாம் நூற்றாண்டில், சாகச இளைஞர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது: லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ். சேர வருகிறவர்களை நிற்கவைத்துச் சக்தியைச் செய்து காட்டச் சொல்வார்கள். ஒருவன் கல்லாக மாறுவான், ஆனால் கல்லான பிறகு அசைய முடியாது. ஒருத்திக்கு இருட்டில் மட்டும்தான் பலம். ஒருவன் செடிகளை வேகமாக வளரவைப்பான். நன்றி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். போலார் பாய் என்ற குளிர்ப் பையனுக்கு ஆறுதலுக்கு ஒரு பறக்கும் பெல்ட் கொடுத்தார்கள். 1963இல் அந்தக் கழிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மாற்றுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 2006இல் தொடங்கிய கார்ட்டூன் தொடரிலும் அவர்கள் வருகிறார்கள்.

அந்தப் பெல்ட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் என்னோடு ஒருவன் படித்தான். பட்டப்பெயர் பஞ்சாங்கம். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்லுவான். கூட்டல் கணக்கு வராது, வாசிக்கத் தடுமாறுவான். கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து அவனை எழுப்பி முன்னால் நிறுத்துவார்கள்.

“1947 ஆகஸ்ட் 15?”

“வெள்ளி.”

“1948 ஜனவரி 30?”

“அதுவும் வெள்ளி சார்.”

ஒருமுறை வந்த அதிகாரி அசந்துபோய்ச் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவனிடம் கொடுத்தார். வகுப்பே கைதட்டியது, நானும்தான். பிறகு கடைசி பெஞ்சுக்கே அனுப்பினார்கள். அந்த வருடம் அவனை ஃபெயிலாக்கினார்கள். அவன் அப்பா கூட்டிக்கொண்டு போய் லாரிப் பட்டறையில் விட்டார். ‘கிழமை சொல்லி என்னடா பண்ணப்போறே’ என்று வாத்தியார்கள் கேட்டார்கள், வீட்டில் கேட்டார்கள், நாங்களும் கேட்டோம். அது எப்படித் தெரிகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது அவனாகவே சொன்னான்: “தேதியைச் சொன்னதும் நெறம் வருண்டா. வெள்ளின்னா பச்சை.” நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் அண்ணன் விஷயம். எட்டாவது எபிசோடில்தானே டேனி வருகிறது? 1990இல் கிராண்ட் மாரிசன் எழுதி ரிச்சர்ட் கேஸ் வரைந்த காமிக்ஸில் பிறந்த தெரு. பெண் வேடத்தில் மேடையேறிப் புகழ்பெற்ற டேனி லா ரூவின் பெயரை வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது, பிரெஞ்சில் ‘ரூ’ என்றால் தெரு. எந்த ஊரிலும் இரண்டு தெருக்களுக்கு நடுவே சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், ஊருக்குப் பொருந்தாதவர்கள் அதில் குடியிருப்பார்கள். அதை அழிக்க வந்த அதிகாரி ஒருவரே அங்கே பெண் உடையில் பாடி ஆடுபவராகத் தங்கிவிடுகிறார்.

கே., டேனிக்கு வாய் கிடையாது. கண்ணில் படும் பலகையில் எழுத்தாகத்தான் பேசும். அந்தத் தெருவில் யாரும் அதை அவசரப்படுத்துவதில்லை, பாதி வார்த்தையைப் பிடுங்கி முடித்துவைப்பதில்லை. எழுத்து தோன்றும்வரை நின்று வாசிக்கிறார்கள். திக்குவாயோடு இத்தனை வருடம் வாழ்ந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். நீங்கள் அவரிடம் கேட்காமல் எனக்கு ஏன் எழுதினீர்கள்? இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். பதில் வர நேரமானால் உட்கார்ந்திருங்கள். நடுவே வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். நான்கு சீசன், மொத்தம் 46 எபிசோடுகள், 2023இல் முடிந்துவிட்டது. சில இடங்களில் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழந்தைகளை உட்காரவைக்க வேண்டாம், பெரியவர்களுக்கான தொடர் அது. ‘அம்ப்ரெல்லா அகாடமி’யையும் பாருங்கள், செத்தவர்களோடு பேசும் கிளவுஸ் என்ற பாத்திரத்துக்காகவாவது. வினோத சக்திக்காரர்களின் இந்த இரண்டு தொடர்களும் ஒரே நாளில் வெளிவந்தன, 2019 பிப்ரவரி 15. தேதியை எழுதிவிட்டுக் கிழமைக்காகக் காலண்டரைத் தேடினேன். லாரிப் பட்டறைக்குப் போனவன் எங்கிருந்தாலும் தேடாமல் சொல்லியிருப்பான். வெள்ளி. பச்சை.